மார்கழிப் பாட்டில் வினைமுற்று

தமிழாசிரியர்களுக்கு வணக்கம். திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் விடியற்காலை ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்டு எழும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் நிறையப் பேர். அதையே இலக்கணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். இரண்டாம் பாசுரம் ஒன்றே போதும்: உண்ணோம், எழுதோம், முடியோம், செய்யோம், ஓதோம். அத்தனையும் தன்மைப் பன்மை எதிர்மறை வினைமுற்று, அதாவது ‘நாங்கள் செய்ய மாட்டோம்’ என்று சொல்லி முடியும் வினைகள்!

நேற்று எட்டாம் வகுப்பில் ராகத்தோடு பாடவைத்தேன். “சாப்பிட மாட்டோம்னா இதுல ‘மாட்டோம்’ எங்கே ஐயா?” என்றான் ஒரு பையன். உண்போம், உண்ணோம் என்று கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். எதிர்காலம் காட்டும் ‘ப்’ காணாமல் போனதை அவர்களே கண்டுபிடித்தார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

‘முடியோம்’ வரும்போது மட்டும் கவனம். ‘எங்களால் முடியாது’ என்று நினைப்பார்கள். கூந்தலில் பூ முடிய மாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம், திருவெம்பாவையிலிருந்து எடுத்துக்காட்டு இருந்தால் இன்றிரவே குழுவில் போடுங்கள்.