ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி முன்னாள் மாணவர் சங்கம்: 2024-ஆம் ஆண்டின் செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், காணும் பொங்கல் அன்றும் மறக்காமல் வந்திருக்கும் பதினேழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஜூலை 15 காமராசர் பிறந்த நாள், சுதந்திர தினக் கொடியேற்றம், மரக்கன்று நடுதல் ஆகியவை வழக்கம்போல் நடந்தன. செயற்குழு ஆறு முறை கூட்டப்பட்டது. நான்கு முறை கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை) இல்லை. 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் நம் பள்ளிக்கும் வந்துவிட்டதால் நாம் கொடுத்து வந்த பிஸ்கட் செலவு இந்த ஆண்டும் மிச்சம்.

அந்த மிச்சத்தை என்ன செய்தேன் என்று சிலர் டீக்கடையில் கேட்டதாக அறிந்தேன். பெயர்ப் பலகையோடு நுழைவு வளைவு கட்டியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. நான் கடை வைத்தேன். தலைமை ஆசிரியர் அனுமதியோடு, இரண்டாம் பருவம் முழுக்க, வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் வகுப்பறைக்குள் ஒரு மளிகைக் கடை. தராசு, எடைக்கற்கள், விளையாட்டு ரூபாய் நோட்டு, வீடுவீடாகப் போய்ச் சேகரித்த காலி சோப்பு உறை, டீத்தூள் பாக்கெட். சேகரித்தவன் நான் ஒருவன்தான்.

தொடக்க வகுப்புகளுக்கான அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022-இல் வந்த பிறகு பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒரே அறையில் மூன்று நிலையும் உட்கார்ந்திருக்கும். கடையில் மூவருக்கும் வேலை இருந்தது. அரும்பு உறையில் தெரிந்த எழுத்தைத் தேடும், மொட்டு விலைச்சீட்டு எழுதும், மலர் பில் போடும். முதல் வாரம் ஒரு பையன் 'புலி கால் கிலோ' என்று எழுதி ஒட்டினான். டீச்சர் அடித்துத் திருத்தவில்லை. வாங்க வந்த பிள்ளையிடம், "குழம்பில் போட்டால் உறுமுமே, பரவாயில்லையா?" என்று கேட்டார். அடுத்த வாரம் புளி, மிளகு, வெல்லம் மூன்றும் சரியாக இருந்தன. 247 எழுத்தையும் வரிசையாக ஒப்பிக்கச் சொல்லுங்கள் பார்ப்போம் என்று போன கூட்டத்தில் சவால் விட்ட நண்பர் ஒரு வெள்ளிக்கிழமையாவது வந்திருக்கலாம்.

கணக்கில்தான் பெரிய முன்னேற்றம். நாம் 'கடன் வாங்கிக் கழித்தல்' என்று படித்ததற்கு இப்போது 'இனமாற்றம்' என்று பெயர். ஒன்றுகள் போதாவிட்டால் ஒரு பத்தை உடைத்துப் பத்து ஒன்றுகளாக்க வேண்டும். பத்து ரூபாய் நோட்டைச் சில்லறை மாற்றிப் பார்த்த பிள்ளைக்கு இதை இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை. பாடநூலில் கடன் போய்விட்டது. நம் பேரேட்டில் அப்படியே இருக்கிறது.

வரவு செலவைப் பொருளாளர் பார்த்திருக்கிறார். கடைக்கும் இதர சில்லறைகளுக்கும் போக, சொற்ப இருப்பு உள்ளது. ரசீதுகள் பத்திரமாக உள்ளன, ஒன்றிரண்டு தவிர.

பருவத்தின் கடைசி வெள்ளிக்கிழமை மூன்றாம் வகுப்புக்குக் கரும்பலகையில் நானே ஒரு கணக்கு எழுதினேன். ஒரு சங்கத்தில் 63 பேர், 25 பேர் பணம் கொடுத்துவிட்டார்கள், மீதி எத்தனை பேர்? மூன்றில் ஐந்து போகாது, ஒரு பத்தை உடைத்து, 38 என்று எல்லோரும் சரியாகவே போட்டார்கள். ஆண்டுச் சந்தா 200 ரூபாய் என்றதும் 7,600 என்பதையும் நாலைந்து பேர் சொல்லிவிட்டார்கள். "அவங்க எல்லாம் நம்ம ஸ்கூல்ல படிக்கலையா தாத்தா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். மணி அடித்துவிட்டது.

இடம் தந்த ஆசிரியர்களுக்கும், நாற்காலி தந்த பந்தல்காரருக்கும், தலைவருக்கும் நன்றி. உடல்நிலை காரணமாக வரும் ஆண்டில் பொறுப்பிலிருந்து விலக எண்ணியிருந்தேன். வேறு யாரும் முன்வராததால் தொடரக்கூடும். தராசில் ஒரு தட்டுக்குச் சங்கிலி அறுந்திருக்கிறது, அளக்கும் படி ஒன்றும் வேண்டும். ரசீதுப் புத்தகம் இன்று என் பையில் இருக்கிறது. நாளை முதல் வீட்டில் இருக்கும், இரவு ஒன்பது மணி வரை.

இப்படிக்கு,
செயலாளர்