எல்லாம் கூட்டம் இல்லை, மகள்

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். உன் அம்மாவின் முழங்கால் நோவும் குறைந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் எடுத்தபோது பிள்ளை, இங்கிலீசில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் உள்ள பெயர்களை எழுதிய கொப்பியோடு வந்து கேட்டது இன்னும் மனதில் நிற்கிறது. "சிங்கத்துக்கு ப்ரைட், காகத்துக்கு மர்டர், மீனுக்கு ஸ்கூல். தமிழில் என்ன அம்மப்பா?" நான் வாயைத் திறக்கமுதல் நீ சொல்லிவிட்டாய், "தமிழில் எல்லாம் கூட்டம்தான்" என்று. பிள்ளை கொப்பியை மூடிக்கொண்டு போய்விட்டாள். நீ வேலை முடிந்து வந்த களைப்பில் சொன்னது என்று தெரியும். ஆனாலும் அது சரியில்லை, மகள். வாழ்நாளெல்லாம் இங்கிலீசு படிப்பித்தவன் நான், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் அந்த இங்கிலீசுச் சொற்கள். அவள் கொப்பியில் இருப்பவற்றில் பல, 1486இல் செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் அச்சான ஒரு புத்தகத்தில் இருக்கின்றன. வேட்டையும் வல்லூறு பழக்குவதும் குலச்சின்னங்களும் பற்றிய புத்தகம் அது. பெரிய வீட்டுப் பிள்ளைகள் வேட்டைக்காரர்களின் பேச்சைத் தெரிந்திருக்க வேண்டும் என்ற காலம். சிங்கத்தின் ப்ரைட், காகத்தின் மர்டர், கூஸ் என்ற பெருவாத்தின் காகிள் எல்லாம் அதில் உண்டு. ஆனால் அதே பட்டியலில் பையன்கள் கூடினால் ராஸ்கல் என்றும், கன்னியாஸ்திரிகள் கூடினால் சூப்பர்ஃப்ளூயிட்டி, அதாவது தேவைக்கு மிஞ்சியது, என்றும் போட்டிருக்கிறது. பாதி தொழிற்பேச்சு, பாதி சொல்விளையாட்டு என்று அப்போதே தெரிகிறது. இன்றைக்கு வாசலில் காகம் கூடினால் அங்கே யாரும் மர்டர் என்று சொல்லிக்கொண்டிருப்பதில்லை, ஃப்ளொக் என்பார்கள். ஆகவே பிள்ளை மாட்டுக்கு ஹேர்ட், பறவைக்கு ஃப்ளொக், தேனீக்கு ஸ்வோர்ம், பழத்துக்குப் பன்ச் இவற்றை நன்றாகப் பிடித்துக்கொள்ளட்டும். மற்றவை ரசிப்பதற்கு.

மீனின் ஸ்கூல் பற்றி அவளுக்குக் கட்டாயம் சொல்லு. அதற்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு சொந்தமும் இல்லை. பள்ளிக்கூட ஸ்கூல் கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியாக வந்தது. மீனின் ஸ்கூல் டச்சுக்காரரின் சொல், திரள் என்று அர்த்தம். வேறு வேறு வழியால் வந்த இரண்டு சொற்கள் ஒரே எழுத்தில் வந்து நிற்கின்றன. இதைக் கேட்டால் அவள் கண் விரியும்.

இனி நம்முடையது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் நான் படிப்பித்த காலம் உனக்கு ஞாபகம் இருக்கும். பாலம் இல்லாத நாள், மண்முனையில் பாதை என்கிற மிதவையில் ஏறி வாவியைக் கடந்து போய் வருவேன். ஒரு சோதனையில் இடைவெளி நிரப்பக் கொடுத்திருந்தேன். மாட்டுக்கு நேரே ஒரு பையன் இங்கிலீசு எழுத்திலேயே பட்டி என்று எழுதியிருந்தான். கொப்பி ஓரத்தில் சாணிக் கறை. தகப்பன் பட்டி வைத்திருந்தவர். நான் சிவப்புப் பேனையால் பிழை போட்டேன். அவன் கிட்ட வந்து, "சேர், எங்கட வீட்டில அதுதானே சொல்லுற" என்றான். "இங்கிலீசில் ஹேர்ட்" என்று மட்டும் சொல்லி அடுத்த கொப்பியை எடுத்தேன். அவன் போய் இருந்துவிட்டான்.

எத்தனையோ வருசம் கழித்துத்தான் அது எனக்கு உறைத்தது. பட்டி என்றால் மாடு அடைக்கும் இடம், அடைபட்ட மாடுகளும் பட்டி. பொங்கலுக்கு மறுநாள் நாம் கொண்டாடுவது பட்டிப் பொங்கல். இங்கிலீசில் ஆட்டுக்கு ஃபோல்ட் என்ற சொல்லும் அப்படியே, தொழுவமும் அதுதான், மந்தையும் அதுதான். இரண்டு நாட்டு இடையர்களும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள். "உன் சொல் சரி மகன், அவர்கள் இப்படிச் சொல்வார்கள்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தப் பிழை என்னுடையது.

வயலை எடு. வெட்டிய கதிரை வெட்டுகிறவர்கள் பிடிபிடியாக வயலில் போட்டுக்கொண்டு போனால் உப்பட்டி. அதைச் சேர்த்துக் கட்டினால் கட்டு. கட்டுகளைக் குவித்து வைத்தால் சூடு. நீ சின்னவளாய் இருக்கையில் சூட்டின் மேலே ஏறி, வைக்கோல் சுணை பட்டு இரவெல்லாம் சொறிந்து அழுதாயே, அந்தச் சூடுதான். ஒரே நெல்லுக்கு ஒவ்வொரு நிலையிலும் ஒவ்வொரு பெயர். இங்கிலீசு விவசாயியும் கட்டுக்கு ஷீஃப், கட்டுகளைச் சாய்த்து நிறுத்தினால் ஸ்டூக், சூட்டுக்கு ரிக் என்று அடுக்கியிருக்கிறான். இரண்டு பக்கமும் வெட்டு மெசின் வந்தது. வயலில் உப்பட்டி கிடந்தால்தானே அந்தச் சொல்லும் வாயில் கிடக்கும்?

சந்தையில் இன்னும் இருக்கிறது. நேற்று இறால் வாங்கப் போனேன், சாக்கில் கூறு கூறாகப் போட்டிருந்தார்கள். செவுளில் நார் கோத்த மீனுக்குக் கோர்வை. பூவுக்குச் சரம். யானைக்கு எல்லாரும் கூட்டம் என்றுதான் சொல்கிறோம், ஆனால் கூட்டத்தை விட்டுப் பிரிந்ததற்குத் தனியன் என்று பெயர் வைத்திருக்கிறோம். வயலுக்குப் போகிறவனுக்கு அந்தப் பெயர்தான் முக்கியம்.

இன்று காலை அம்மா முற்றத்து வாழைக் குலையை வெட்டினாள். கத்தியால் தண்டோடு ஒட்டி ஒவ்வொரு சீப்பாகப் பிரித்து வைத்தாள், வெட்டுவாயில் பால் கசிந்து தரையில் சொட்டியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இங்கிலீசில் சீப்புக்கு ஹான்ட், ஒரு பழத்துக்கு ஃபிங்கர். அவர்களுக்கு அது கை, நமக்கு அது தலை வாரும் சீப்பு. இதைப் பிள்ளைக்குப் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு காட்டு. அங்கே கடையில் சின்னச் சீப்பாய்க் கிடைக்குமே.

இன்னொன்று, இது கொப்பிக்கு இல்லை, அவளுக்கு. மனிதர் சேர்வதற்கு அவை, அணி, குழாம், சனம் என்று எவ்வளவோ இருக்கின்றன. நம் ஊருக்கென்று ஒரு சொல் இருக்கிறது, குடி. இங்கிலீசில் க்ளான் என்று எழுதலாம், ஆனால் அந்தச் சொல்லில் தாய் இல்லை. நம் குடி தாய் வழியாக வருகிறது. நீ உன் அம்மாவின் குடி, என் குடி இல்லை. உன் மகள் எந்த நாட்டு ஆஸ்பத்திரியில் பிறந்தாலும் அவளும் அம்மம்மாவின் குடிதான். கோயிலில் அந்தக் குடிக்கு உள்ள முறையில் அவளுக்கும் பங்கு இருக்கிறது. அதை அவளுக்கு யாராவது சொன்னார்களா?

வாற ஞாயிறு கொப்பியோடு அவளை இருத்து. நான் அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன், குடியைப் பற்றி அவள் சொன்னால்தான் சரி. முதல் சொல்லாகப் பட்டியை எழுதச் சொல்லு, தமிழ் எழுத்திலேயே.

அன்புடன்,
அப்பா