அப்பாவுக்கு, ஷெஃபீல்டிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தாத்தாவின் இறப்புச் சான்று இல்லாமல் மேலக்காட்டுப் பட்டாவை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள் என்று படித்ததிலிருந்து மனசு அதிலேயே கிடக்கிறது.

நான் நன்றாக இருக்கிறேன். நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. ஹீட்டரை அதிகம் போடுவதில்லை, அந்தச் சூட்டில் மூக்கு காய்ந்துவிடுகிறது, அவ்வளவுதான். அம்மா கவலைப்பட வேண்டாம். புளி, நல்லெண்ணெய் எல்லாம் இங்கே கிடைக்கிறது. சின்ன வெங்காயம் வாங்குவதை நிறுத்திவிட்டேன், குழம்புக்குப் பல்லாரியே போதும்.

பக்கத்து வீட்டுப் பாட்டி உங்களை எல்லாம் விசாரித்தார். நைட் டியூட்டி முடிந்து நான் வரும்போது பூதக்கண்ணாடியும் ஃபைலுமாக வாசலில் நிற்பார். தன் முன்னோர்களைத் தேடுகிறார். அம்மா வழியில் அவருக்கு ஈம் என்ற மலைக் கிராமம். கண் மங்கிவிட்டதால் பழைய பதிவுகளை நான்தான் படித்துச் சொல்கிறேன்.

அப்பா, இங்கே 1538-லேயே, எட்டாம் ஹென்றி ராஜாவின் மந்திரி தாமஸ் க்ராம்வெல், ஒவ்வொரு சர்ச்சிலும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் புத்தகத்தில் எழுதச் சொல்லி உத்தரவு போட்டிருக்கிறார். அதனால் கூலிக்காரன் பெயரும் இருக்கிறது. ஆனால் படிப்பது சுலபமில்லை. பழையவற்றில் பல லத்தீனில் இருக்கின்றன. 1752 வரை இவர்களுக்கு வருஷமே மார்ச் 25-இல்தான் பிறந்திருக்கிறது. புத்தகத்தில் 1665 ஜனவரி என்று இருந்தால் நம் கணக்குக்கு அது 1666.

பாட்டியோடு பஸ்ஸில் அந்த ஊருக்கும் போய் வந்தேன். 1665-இல் லண்டனிலிருந்து தையல்காரர் வீட்டுக்கு வந்த துணி மூட்டையோடு கொள்ளைநோய் வந்ததாம். முதலில் இறந்தவர் அங்கே வேலை பார்த்த ஜார்ஜ் விகார்ஸ். மறு வருஷம் வில்லியம் மொம்பெசன் என்ற பாதிரியாரின் பேச்சைக் கேட்டு, நோய் மற்ற ஊருக்குப் பரவக் கூடாது என்று யாரும் எல்லை தாண்டாமல் இருந்திருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் எல்லையில் சாப்பாட்டை வைத்துவிட்டுப் போவார்களாம். எல்லைக் கல்லில் குழி குழியாக இருக்கிறது. காசோடு நோய் போய்விடக் கூடாது என்று அதில் வினிகர் ஊற்றி, சாப்பாட்டுக்கான காசை ஊர்க்காரர்கள் போட்டு வைப்பார்களாம். நான் விரலை விட்டுப் பார்த்தேன், ஓரமெல்லாம் மழமழவென்று தேய்ந்திருக்கிறது. எலிசபெத் ஹான்காக் என்ற பெண் எட்டே நாளில் புருஷனையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே அடக்கம் பண்ணியிருக்கிறாள். பாதிரியாரின் மனைவியும் அந்த ஆகஸ்டில் போய்விட்டார். அத்தனை சாவுக்கு நடுவிலும் போனவர்களின் பெயரை விடாமல் எழுதி வைத்திருக்கிறார்களே, அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

1754-லிருந்து கல்யாணப் பதிவில் மாப்பிள்ளையும் பெண்ணும் கையெழுத்துப் போட வேண்டும். பாட்டியின் வம்சத்துப் பெண் ஒருத்திக்கு எழுதத் தெரியாது போல. ஒரு பெருக்கல் குறி மட்டும் போட்டிருக்கிறாள். ஒரு கோடு மெல்லிசு, இன்னொன்று மை கொட்டித் தடித்துக் கிடக்கிறது. பாட்டி அதைத் தடவித் தடவிப் பார்த்தார். எனக்கு நம் இரும்புப் பெட்டிப் பத்திரத்தில் ஆச்சி வைத்த கைநாட்டு ஞாபகம் வந்துவிட்டது. அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. கார்த்திகை வந்துவிட்டது. அம்மா ஓலைக்கொழுக்கட்டை அவிக்கும்போது பனை ஓலை மணம் வாசல் வரைக்கும் வருமே. வீட்டுக்கு வந்துவிட வேண்டும் போல இருக்கிறது அப்பா.

சரி, பட்டா விஷயத்துக்கு வருகிறேன். தாத்தா போனது 1974. அப்போது ஊர்ச் சாவையெல்லாம் கிராம முன்சீப்தான் எழுதுவார். 1980-இல் அந்தப் பதவியை எடுத்தபோது புத்தகங்கள் எங்கே போயின என்று வி.ஏ.ஓ.விடம் கேளுங்கள். தேடியும் இல்லை என்றால், பதிவு இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். அதை வைத்துக் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால், அவர் உத்தரவின் பேரில் இப்போதும் பதியலாம்.

வாரிசுப் பட்டியலில் பெரிய அத்தை, சின்ன அத்தை இரண்டு பேர் பெயரையும் எழுதுங்கள். பெரியப்பா வேண்டாம் என்பார். நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள். 1956 சட்டப்படி அவர்களும் வாரிசு. சட்டம் இல்லாவிட்டாலும் அவர்கள் தாத்தாவின் பிள்ளைகள்தானே. அப்புறம் தாத்தாவுக்கு முந்தியவர்களின் பெயர் பெரிய அத்தைக்குத்தான் தெரியும். தம்பியை உட்கார்த்தி ஒரு நோட்டில் எழுதி வாங்கச் சொல்லுங்கள். பெண்கள் பெயரையும், அவர்கள் பிறந்த ஊரையும் சேர்த்து.

அத்தையின் வளையலைத் திருப்பப் பணம் தை பிறந்ததும் அனுப்புகிறேன். டியூட்டி மாறியதால் கொஞ்சம் பிந்துகிறது, வேறொன்றும் இல்லை. வட்டி எவ்வளவு ஆயிற்று என்று அத்தையைக் கேட்காமல், கடைக்கார மாமாவிடம் விசாரித்து எனக்கு எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகள்