மூன்றாம் வரிசையிலிருந்து வந்த வசனம்

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கும், நவம்பர் 1 அன்று பக்கத்து ஊர்களிலிருந்து நாடகம் பார்க்க வந்த எல்லோருக்கும்,

வணக்கம். மேடையைப் பிரித்தாயிற்று. நாற்காலிகளை எண்ணித் திருப்பிக் கொடுத்தாயிற்று. மைக்செட் பாக்கியும் நேற்றோடு தீர்ந்தது. அதற்காகத்தான் காத்திருந்தேன்; கடனை வைத்துக்கொண்டு நன்றி சொன்னால் தவணை கேட்கிறான் என்று நினைப்பார்கள்.

இந்த மடலில் யார் பெயரும் இருக்காது. பாதிப் பேர் "எனக்க பேரைப் போடாண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். மீதிப் பேரைப் போடப்போய் ஒருவர் விட்டுப்போனால் அடுத்த கோயில் கொடை வரைக்கும் நான் அந்தத் தெருவில் தலைகாட்ட முடியாது. படிக்கும்போது யார் யார் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

எங்களைத் தெரியாதவர்களுக்கு: கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாறுக்கும் குலசேகரத்துக்கும் நடுவே உள்ள ஒரு சிற்றூரின் அமெச்சூர் நாடகக் குழு நாங்கள். 14 பேர். ஒரு நர்ஸ், இரண்டு ஆட்டோ ஓட்டுநர்கள், கல்லூரிப் பிள்ளைகள், ஒரு தையல்காரர், ஒரு எலெக்ட்ரீஷியன் என்று ஆளுக்கொரு பிழைப்பு. நாடகத்தால் யாரும் ஒரு பைசா பார்த்ததில்லை, பார்க்கப்போவதும் இல்லை. 2013-ல் கொடைக்கு அரை மணி நேரம் ஒரு நாடகம் போட்டோம். வில்லுப்பாட்டுக்காரர்கள் வர நேரமானதால் இடைவெளியை நிரப்பச் சொன்னார்கள். அன்றைக்கு ஏறியவர்கள் இன்னும் இறங்கவில்லை.

இந்த வருஷ நாடகம் இரண்டு சகோதரிகளின் கதை. தங்கையை நெய்யாற்றின்கரைப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அக்கா இங்கே, விளவங்கோட்டில். 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அப்போதைய மதராஸ் மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. நேற்று வரை ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த அக்காளும் தங்கையும் மறுநாள் காலை வேறு வேறு மாநிலம். அவ்வளவுதான் கதை. இந்தத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு நடந்த போராட்டமும், அதை நடத்திய மார்ஷல் நேசமணியும் பின்னால் கேட்கும் செய்திகளாக வரும். மேடையில் வீட்டு அடுக்களையும் பஸ் நிறுத்தமும் மட்டும்தான்.

முதல் நன்றி, ரப்பர் ஷீட் அடிக்கும் தன் ஷெட்டை ஒத்திகைக்குத் தந்த பால்வெட்டுக்கார அண்ணனுக்கு. ஆகஸ்ட் கடைசியிலிருந்து இரவு எட்டு மணிக்கு அங்கே கூடுவோம். ஒரு பக்கம் ரோலர் மெஷின், ஒரு பக்கம் கழுவிக் கவிழ்த்த தட்டுகள், மூலையில் சாக்கில் ஒட்டுப்பால், அதாவது மரத்திலும் சிரட்டையிலும் உறைந்துபோன ரப்பர் பால். அந்த நாற்றத்தில் காதல் காட்சி ஒத்திகை பார்த்தவர்கள் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம். அண்ணன் அதிகாலை மூன்றரைக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரத்துக்குப் போகிறவர். வெயில் ஏறினால் பால் ஒழுக்கு குறைந்துவிடும். ஷெட்டுக்கும் அவர் படுக்கும் அறைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். பத்து மணிக்குள் முடித்துவிடுகிறோம் என்று வாக்குக் கொடுத்தோம். ஒரு நாளும் காப்பாற்றவில்லை. ஒரு இரவு பத்தே முக்காலுக்குக் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார். சரி, இன்றோடு ஒத்திகை தெருவுக்கு வந்துவிட்டது என்று நினைத்தோம்.

"பிள்ளையளே, கடைசி சீனு மட்டும் மெதுவாப் பேசுதிய. எனக்குக் கேக்கல்ல" என்றார்.

அடுத்து, ஓய்வுபெற்ற தபால்காரத் தாத்தா. கதை வசனம் எழுதியவன் நான்தான். முதல் பிரதியில், பஸ் ஏறப்போகும் தங்கையின் கையில் அக்கா பழைய திருவிதாங்கூர் நாணயமான சக்கரம் நான்கைத் திணிப்பதாக எழுதியிருந்தேன். 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய் என்று திருவிதாங்கூர்க் கணக்கையெல்லாம் படித்துவைத்திருந்த பெருமை வேறு. தாத்தா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "எடே, சக்கரம் அதுக்கு முன்னமே போச்சு. 56-ல அணாதான். நயா பைசா வந்ததே 57-ல." அடித்துவிட்டு அணா என்று எழுதினேன். தங்கை எழுதும் கடிதத்தில் தேதிக்கு மேல் மலையாளக் கணக்குப்படி கொல்லம் ஆண்டு 1132 என்று போடவைத்ததும் அவர்தான். மேடையில் அந்தத் தாளை யாரும் வாசிக்கப்போவதில்லை. ஆனாலும் போட்டோம்.

தங்கையின் மலையாளத்தைத் திருத்த, எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையிலிருந்து ஞாயிறுதோறும் பஸ்ஸில் வந்த டீச்சருக்கு நன்றி. எங்கள் பிள்ளைகள் பேசியது மலையாளம் இல்லை, இழுத்துப் பேசிய தமிழ் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். தன் பெட்டியிலிருந்து முண்டும் நேரியதும் எடுத்துத் தந்த பாட்டிக்கு நன்றி. சாயாக் கறை பட்டதற்கு மன்னிப்பும்.

மகளைத் தனியாக ஒத்திகைக்கு அனுப்பப் பயந்து, காவலுக்குக் கூடவே வந்து உட்கார்ந்த ஒரு அக்கா இருக்கிறார். முதல் வாரம் முழுக்க எங்களை முறைத்தார். இரண்டாம் வாரம், "அந்தக் காலத்துல ஜாக்கெட்டுக்குக் கை இப்படியா இருக்கும்?" என்று கேட்டார். கடைசியில் தையல்காரரோடு சேர்ந்து எல்லா உடுப்பும் அவர் கைபட்டுத்தான் மேடைக்கு வந்தது. இரவு சாயாவும் ரசவடையும் தந்த கடைக்காரர் காசு வாங்கவில்லை. "நாடகக் கொட்டகையில சோடா வித்த ஒழுகினசேரிப் பையன் கலைவாணர் ஆனாரு. நான் சாயா விக்கேன். எனக்கு ஒரு வேஷம் தாங்க" என்றார். கண்டக்டர் வேஷம் தந்தோம். ஒரு வசனம் எழுதிக் கொடுத்தால் நான்கு பேசினார்.

தெரு நாடகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜூன் மழையில் சுகாதாரத் துறைக்காரர்கள் கேட்டுக்கொண்டு டெங்கு பற்றி ஒன்று தயார் செய்தோம். பால்வெட்டு நின்ற நாட்களில் ரப்பர் மரத்தில் பால் பிடிக்க மாட்டிய சிரட்டைகளில் மழைத் தண்ணீர் தேங்கும், அதில் கொசு முட்டையிடும், ஆகவே சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள் என்பது நாடகத்தின் சாரம். முதல் காட்சி முடிந்ததும் கூட்டத்திலிருந்து ஒரு தொழிலாளி எழுந்தார். "முன்னூறு மரம். முன்னூறு சிரட்டை. கவுக்கதுக்கு ஒரு நேரம், நிமித்துததுக்கு ஒரு நேரம். அதுக்குக் கூலி யார் தருவா?" எங்களிடம் பதில் இல்லை. புத்தி சொல்லப் போன இடத்தில் புத்தி வாங்கிக்கொண்டு வந்தோம். அடுத்த ஊரில் அந்தக் கேள்வியையே நாடகத்தில் வைத்தோம். தோட்ட முதலாளி வேஷத்தைப் பார்த்து ஒருவன் கேட்பான். அன்றுதான் சனங்கள் கலையாமல் நின்று பார்த்தார்கள். கேள்வி கேட்ட அண்ணனுக்கு, கொஞ்சம் தாமதமாக, நன்றி.

இனி அந்த ஒன்றாம் தேதி. முன்பணம் வாங்கிய ஒரு மண்டபத்துக்காரர் நான்கு நாளைக்கு முன், கல்யாணம் ஒன்று வந்துவிட்டது என்று கைவிரித்துவிட்டார். அதை விடுங்கள். கோயில் கமிட்டி முற்றத்தைத் தந்து மேடைப் பலகையும் இறக்கியது. சர்ச்சிலிருந்து நாற்காலியும் ஜெனரேட்டரும் வந்தன. கொடைக்கும் திருவிழாவுக்கும் யார் மைக் சத்தம் பெரிது என்று வருஷா வருஷம் போட்டி போடுகிறவர்கள், அன்று இரண்டு பக்கமும் நின்று ஒரே கயிற்றை இழுத்துத் தார்ப்பாய் கட்டினார்கள். தார்ப்பாய் மேடைக்கு மட்டும்தான். நீங்கள் இருந்த இடத்துக்கு வானம்தான் கூரை. ஐப்பசி மழையை நம்பி நாடகம் போடுவது மடத்தனம் என்று எங்களுக்கும் தெரியும். அந்தத் தேதியை விட மனசில்லை.

எட்டே காலுக்கு மழை பிடித்தது. யாரும் எழுந்து போகவில்லை என்று எழுதினால் பொய். பத்திருபது பேர் ஓடினார்கள். மற்றவர்கள் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியையே தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். மேடையிலிருந்து பார்த்தபோது ஒரு வரிசை நாற்காலிகளுக்குக் கால் முளைத்தது போல இருந்தது. அந்த இருபது நிமிஷமும் வில்லுப்பாட்டு அண்ணாவி சும்மா இருக்கவில்லை. துப்பாக்கிச் சத்தத்துக்குப் பட்டாசு வேண்டாம், குடத்தின் வாயில் மட்டையால் ஒரே அடி போதும் என்று சொல்லி எங்களோடு வந்து உட்கார்ந்தவர் அவர். 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போராட்டக்காரர்கள் மேல் போலீஸ் நடத்திய துப்பாக்கிச்சூட்டை அந்த ஓர் அடியில்தான் காட்டினோம். மழையில் அதே குடத்தையும் வில்லையும் வைத்து, எழுதாத பாட்டாகப் பாடிக்கொண்டே இருந்தார். நாற்காலிகள் தாளத்துக்கு ஆடின.

மழை விட்டதும் கடைசிக் காட்சி. பஸ் நிறுத்தத்தில் அக்கா தங்கையை வழியனுப்புகிறாள். அக்கா வேஷம் போட்டது எங்கள் நர்ஸ். முந்தின இரவு டியூட்டி பார்த்துவிட்டு, உறங்காமல் மேடையேறியவர். தங்கை திரும்புகிறாள், அக்கா பேச வேண்டும். பேசவில்லை. முகத்தைப் பார்த்தேன், வசனம் போய்விட்டது. எடுத்துக் கொடுக்க வேண்டியது திரைக்குப் பின்னால் நின்ற நான். என் கையில் இருந்த நோட்டில் மழை புகுந்து, பேனா மை முழுக்க நீலமாகக் கலங்கியிருந்தது. எழுதியவனுக்கு வசனம் மறக்குமா என்று கேட்காதீர்கள். மறந்தது.

அப்போதுதான் மூன்றாம் வரிசையிலிருந்து அந்தக் குரல்: "இனி வரும்போ பஸ்சுல போர்டு வேற எழுத்துல இருக்கும். பாத்து ஏறு."

பால்வெட்டுக்கார அண்ணன். சுவருக்கு அந்தப் பக்கம் படுத்து இரண்டு மாதம் கேட்ட வசனம். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்புறம் நர்ஸ் அதே வசனத்தை, அவர் சொன்ன அதே இழுப்போடு திரும்பச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. நான் எழுதியதில் "பார்த்து ஏறிக்கொள்" என்றுதான் இருந்தது. இனி அடுத்த மேடையில் அண்ணன் சொன்னபடிதான்.

வாளியில் விழுந்த பணம் செலவுக்குச் சரியாகி, கொஞ்சம் மிஞ்சியும் இருக்கிறது. அது ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளுக்கு நடத்தும் நாடக வகுப்புக்கு. பிள்ளைகளை அனுப்புங்கள், காவலுக்கு நீங்களும் வரலாம்.

கடைசியாக ஒரு அறிவிப்பு. முற்றத்தில் மூன்று குடை, ஒரு டார்ச், இடது கால் செருப்பு ஒன்று கிடக்கின்றன. வாளியைக் கொட்டி எண்ணும்போது, நோட்டுகளுக்கு நடுவே சங்கு முத்திரை போட்ட பழைய செம்புச் சக்கரம் ஒன்றும் இருந்தது. தபால்காரத் தாத்தா தான் போடவில்லை என்று சத்தியம் செய்கிறார். தெரியாமல் விழுந்திருந்தால், உடையவர் வந்து வாங்கிக்கொள்ளலாம். எல்லாம் ஷெட்டில்தான் இருக்கின்றன. காலையில் பதினொரு மணிக்கு மேல் போங்கள், அதுவரை அண்ணன் ஷீட் அடித்துக்கொண்டிருப்பார்.

இப்படிக்கு,
குழுவினர் சார்பில்,
நோட்டை நனையவிட்டவன்