கையில் பசை

மஞ்சக்குப்பம், கடலூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

நலம். நீயும் நலமா என்று கேட்க வந்த கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டேன். அம்மா வழுக்கி விழுந்ததும், இடுப்பெலும்பில் அறுவைச் சிகிச்சை நடந்ததும் நேற்று ராமமூர்த்தி சொல்லித்தான் தெரிந்தது. "உனக்குத்தானே முதலில் போன் செய்தானாம்" என்று அவன் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. "கையில் பசை, அப்புறம் பேசு" என்று கத்திவிட்டுப் போனை வைத்தவன் நான். அதற்குப் பிறகு மூன்று வாரமாகக் கூப்பிடவும் இல்லை. போனில் மன்னிப்புக் கேட்டால் "சரி, விடு" என்று ஒரே வார்த்தையில் என்னைத் தப்பவிட்டுவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

கையில் பசை இருந்தது பொய்யில்லை. மாமனாரின் பண்ருட்டித் தோப்பில் 'தானே' புயல் சாய்த்த பலாவிலிருந்து ஒரு கட்டை எங்கள் பரணில் கிடந்ததே, தாலாட்டவா வைத்திருக்கிறாய் என்று நீ கேலி செய்வாயே, அதில்தான் நான் செய்துகொண்டிருந்த வில்லுக்குக் கைப்பிடி. 2011 டிசம்பர் 30இல் விழுந்த மரம். இத்தனை வருடம் காய்ந்ததற்கு இழைப்புளியின் கீழ் மஞ்சளாக, வெண்ணெய் போல வந்தது. நடுவே மூங்கில் பட்டை இரண்டு அடுக்கு. இலக்கைப் பார்க்கும் பக்கம் ஒன்று, நம்மைப் பார்க்கும் பக்கம் ஒன்று என்று 1 மில்லிமீட்டர் பைபர் கிளாஸ் பட்டைகள். வில் வளையும்போது ஒரு பக்கம் இழுபடுகிறது, மறுபக்கம் நசுங்குகிறது. அந்த இரண்டு வேலையும் கண்ணாடி இழையுடையது. மூங்கிலுக்கு அவற்றை விலக்கிப் பிடித்திருக்கும் வேலைதான்.

முதலில் சிங்காரத்தோப்பில் படகுக்குப் பைபர் போடும் அண்ணன் ஒருவரிடம்தான் போனேன். அவர் சிரித்தார். "படகுக்கு எந்தப் பக்கமிருந்தும் அடி விழும், அதனால் இழையைத் தாறுமாறாகப் பரப்பிய பாயைப் போடுகிறோம். உங்கள் வில்லில் பாரமெல்லாம் நெடுக்கே. இழையும் நெடுக்கே ஓட வேண்டும்" என்றார். படகு ரெசின் மரத்தை அவ்வளவு உறுதியாகப் பிடிக்காது, எப்பாக்சிப் பசை வாங்குங்கள் என்றும் சொன்னார். பள்ளியில் நம் இருவருக்கும் புரியாத இயற்பியலை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார்.

மூங்கிலைச் சீவியதை எழுத ஆரம்பித்தால் நீ கடிதத்தை மடித்துவிடுவாய். ஒன்று மட்டும் கேள். பட்டையின் தடிமன் 10 விழுக்காடு கூடினால் விறைப்பு 33 விழுக்காடு கூடுகிறது. தடிமனை இரட்டிப்பாக்கினால் எட்டு மடங்கு. அதனால் ஒரு தாளின் தடிமனுக்காக ஒரு மாலை முழுவதும் தேய்த்தேன். பட்டை நுனியை நோக்கி அடிக்கு 0.6 மில்லிமீட்டர் மெலிய வேண்டும். வசந்தி அதைப் பார்த்துவிட்டு, "என் தோசையை ஒருநாளாவது இப்படி அளந்து பார்த்தீர்களா?" என்றாள்.

ஒட்டுகிற நாள் ஒரு கல்யாண வீடு. பிளைவுட் அச்சின்மேல் பாலித்தீன் சுற்றி, சமையலறைத் தராசில் ரெசினையும் ஹார்டனரையும் நிறுத்துக் கலந்து, ஒவ்வொரு முகத்திலும் பூசி அடுக்கினால், எல்லாம் விளக்கெண்ணெயில் போட்ட மீனாக வழுக்குகிறது. கைப்பிடியை நேராக்கினால் நுனி விலகுகிறது. சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி இறுக்கிச் சுற்ற வேண்டும். ஆனால் பசை முழுவதும் பிதுங்கி வெளியேறும் அளவுக்கு இறுக்கினால் நடுவில் ஒட்ட ஒன்றும் மிஞ்சாது. நம் ஊர் வெயிலிலோ பசை நமக்காகக் காத்திருக்காது. எப்படியோ சுற்றி முடித்து, குண்டு பல்பு போட்ட பெட்டியில் 70 டிகிரியில் வேகவைத்தேன். மூன்றாம் மணியில் மின்சாரம் போயிற்று.

ஆறாம் நாள், சுவரில் மாட்டி, கயிறும் கப்பியும் வைத்து வளைத்துப் பார்த்தேன். நாண் 24 அங்குலம் வந்தபோது பட்டாசுபோல ஒரு சத்தம். மேல்பாதியில் கண்ணாடிப் பட்டை மூங்கிலைவிட்டு எழுந்து, ஒரு சிம்பு பறந்து தினசரி காலண்டரில் குத்தி நின்றது. நான் ஒதுங்கி நின்றிருந்தேன். ஆனால் முந்தின நாள்தான் இளையவள் அந்த வில்லைத் தூக்கிக்கொண்டு நிலைக்கண்ணாடி முன் நாணைக் கன்னம் வரைக்கும் இழுத்துப் பார்த்தாளாம். எனக்குத் தெரியாமல். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

இரண்டு நாள் மின்வெட்டைத் திட்டினேன். அடுத்து பசை விற்றவனை. மூன்றாம் நாள் பெயர்ந்த பட்டையை வெளிச்சத்தில் பிடித்தேன். பசை நன்றாகப் பிடித்திருந்தால் பிரியும்போது மூங்கில் நாரையும் பிய்த்துக்கொண்டு வர வேண்டும். மற்ற இடமெல்லாம் அப்படித்தான் நார் நாராக இருந்தது. ஓரிடம் மட்டும் வழவழவென்று, ஒரு நாரும் இல்லாமல். அதன் நடுவே என் கட்டைவிரல் ரேகை, ரிஜிஸ்டர் ஆபீசில் வைத்ததுபோல அவ்வளவு தெளிவாக. எண்ணெய்ப் பிசுக்குப் போக அசிடோன் போட்டுத் துடைத்த பட்டையை, தேங்காயெண்ணெய் தடவிய தலையைச் சொறிந்த கையால் தொட்டிருக்கிறேன். எப்போது தொட்டேன் என்றும் தெரியும்: நீ கூப்பிட்டபோது.

உன்மேல் பழி போடவில்லை. போடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன், அவ்வளவுதான். திருவதிகையில் மேருமலையை வில்லாக வளைத்தவர், கடைசியில் அம்பையே விடாமல் சிரித்து முப்புரத்தையும் எரித்தார் என்று சொல்வார்களே. எனக்கு அந்த ரேகையைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. நேற்று ராமமூர்த்தி பேசியபின் அந்தச் சிரிப்பும் நின்றுவிட்டது. எத்தனை வருடம் உங்கள் வீட்டில், கேட்காமலே மூன்றாவது தோசை போட்ட கை அம்மாவுடையது.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் புதுச்சேரி வருகிறேன். வில் பேச்சு எடுக்கமாட்டேன். அம்மாவே கேட்டால் வேறு விஷயம். நம் பாகூர் ஏரிக் கதையைப் போல அவர்களுக்கு இதுவும் பிடிக்கும். அடுத்த வில்லை ஒட்ட நான்கு கை வேண்டும், இரண்டு உன்னுடையவை. அதெல்லாம் அவர்கள் எழுந்து நடந்த பிறகு.

வாக்கர் வாங்கியாயிற்றா? இல்லையென்றால் வாங்காதே. மாமியாருக்கு வாங்கியது பரணில் இருக்கிறது, எடுத்து வருகிறேன். அடியில் ரப்பர் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. பரவாயில்லை, என்னிடம் சைக்கிள் டியூப் ஏராளம்.

உன்,
பாலு