பேரைச் சொல்லிக்கொண்டே வருகிறவர்களுக்கு நன்றி

எங்கள் ஊர்க்காரர்களுக்கும், ஊர் தாண்டி எனக்கு உதவியவர்களுக்கும் வணக்கம்.

திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கிராமங்களில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எனக்கு ஆல்சைமர் என்கிற மறதி நோய், இப்போது தொடக்க நிலை என்று தஞ்சாவூரில் டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். எழுதியதை வாசித்துக் காட்டுகிறாள். சரி என்று எனக்குப் பட்ட பிறகுதான் அடுத்த வரிக்குப் போகிறோம். யார் யார் என்னென்ன செய்தார்கள் என்பது நினைவில் இருக்கும்போதே நன்றி சொல்லிவிட வேண்டும்.

முதலில் அந்த டாக்டருக்கு. கூட வந்த மகனைப் பார்த்துப் பேசாமல் என்னைப் பார்த்துப் பேசினார். தைராய்டு கோளாறினாலும் பி12 வைட்டமின் குறைந்தாலும்கூட மறதி வரும், அதெல்லாம் மருந்தில் சரியாகக்கூடியது, முதலில் அதைப் பார்த்துவிடுவோம் என்று ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார், கடிகாரம் வரையச் சொன்னார். நான் தடுமாறியபோது மகன் எடுத்துக்கொடுக்கப் பார்த்தான். "அம்மாவே சொல்லட்டும், அவசரமில்லை" என்றார். முடிவு வந்ததும் நோயின் பேரை என்னிடமே சொன்னார். மாத்திரை இதைக் குணப்படுத்தாது, கொஞ்ச காலம் தெளிவாக இருக்க உதவலாம், அவ்வளவுதான் என்பதையும் ஒளிக்கவில்லை. அன்று அழுதேன். ஆனால் என்னிடம் மறைத்து வீட்டாரிடம் சொல்லியிருந்தால் அதைவிட அதிகம் அழுதிருப்பேன்.

புதிதாகக் கேட்பதைப் பதிந்து வைக்கிற மூளைப் பகுதியைத்தான் இந்த நோய் முதலில் பிடிக்கிறது. அதனால்தான் காலையில் என்ன சாப்பிட்டேன் என்று தெரியாத எனக்கு, ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினாலாவது வாரம் என்று தடுப்பூசிக் கணக்கு அப்படியே வருகிறது. 1995-ல் போலியோ சொட்டு மருந்து முகாம் தொடங்கியது, வீட்டுச் சுவரில் சாக்பீஸால் குறி போட்டது, பிள்ளைகளின் இடது கை சுண்டுவிரலில் மை வைத்தது எல்லாம் நேற்று நடந்தது மாதிரி இருக்கிறது. 2014 மார்ச் 27-ல் நம் நாட்டில் போலியோ ஒழிந்ததற்கு உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்த சந்தோஷமும் அப்படியே இருக்கிறது.

பார்க்கிறவர்களுக்கு இது தெரிவதில்லை. ஒன்று மறந்தால் ஆளே போய்விட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். "அம்மாவுக்குக் காபியில சர்க்கரை போடலாமா?" என்று, நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே மகனைக் கேட்கிறார்கள். நான் எதைச் சொன்னாலும் "சரி சரி" என்று தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போகிறார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் முகத்தை முன்னால் நீட்டி, "நான் யாரு, சொல்லுங்க பாப்போம்" என்கிறார்கள். அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் நாலு பேர் நடுவில் பதில் வராமல் முழிக்கும்போது உடம்பெல்லாம் கூசிப்போகிறது.

அதனால் வடக்குத் தெருத் தம்பிக்கு என் நன்றி பெரியது. யாரும் சொல்லிக்கொடுக்காமல், வாசலிலேயே தன் பேரைச் சொல்லி, "டீக்கடைக்காரர் மகன், எனக்குத் தட்டம்மை ஊசி நீங்கதான் போட்டீங்க நர்ஸம்மா" என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே வருவார். பேர் கிடைத்துவிட்டால் போதும், அவர் அம்மாவுக்கு வலி எடுத்த ராத்திரி பெய்த மழை வரைக்கும் எனக்கு வந்துவிடும். அவரைப் பார்த்து இப்போது அந்தத் தெருவே அப்படித்தான் வருகிறது.

பேர் தெரியாத ஒருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஓர் அலுவலகத்தில் ஒரு சான்றுக்காகப் போயிருந்தோம். "இவங்களுக்குக் கையெழுத்துப் போட வருமா, கைநாட்டா?" என்று அங்கிருந்தவர் மகனிடம் கேட்டார். எத்தனை பிறப்பு அட்டைகளில் கையெழுத்துப் போட்ட கை இது! வரிசையில் பின்னால் நின்ற ஒரு பெரியவர், "அம்மாகிட்டயே கேளுங்க சார்" என்றார். அவ்வளவுதான். கேட்டார்கள், போட்டேன். ஐயா, நீங்கள் எந்த ஊரோ தெரியாது. நன்றாக இருங்கள்.

இப்போது எங்கள் துணை சுகாதார நிலையத்தில் இருக்கும் செவிலியர் சின்னப் பெண். புதன்கிழமை தடுப்பூசி நாளில் என்னைக் கூப்பிட்டுக்கொள்கிறாள். ஊசியையும் பதிவேட்டையும் என்னிடம் தருவதில்லை. அதுதான் முறை, நான் அவள் இடத்தில் இருந்தாலும் தரமாட்டேன். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் தாயையும் பிள்ளையையும் உட்கார வைத்துப் பார்க்க வேண்டுமே, அந்த பெஞ்சில் எனக்கு இடம் கொடுத்திருக்கிறாள். ஊசி போட்ட இடத்தில் எதையும் தேய்க்கக் கூடாது, காய்ச்சல் வந்தால் பயப்படக் கூடாது, தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது என்று புதுத் தாய்மார்களுக்கு நான்தான் சொல்கிறேன். ஒரே பெண்ணிடம் மறுபடி சொல்லியிருப்பேனாயிருக்கும். கேட்டுக்கொள்கிறார்கள். பரிதாபப்பட்டு என்னை உட்கார வைக்கவில்லை, வேலை கொடுத்திருக்கிறாள். அந்த வித்தியாசம் எனக்கு நன்றாகவே தெரிகிறது.

மருந்துக்கடைத் தம்பி காலை மாத்திரையையும் ராத்திரி மாத்திரையையும் தனித்தனிக் கவரில் போட்டுப் பெரிய எழுத்தில் எழுதித் தருகிறார். வாங்கியதை மறந்து திரும்பப் போனால், மற்றவர் காதில் விழாமல் நோட்டைத் திறந்து தேதியைக் காட்டுகிறார். மினிபஸ் கண்டக்டர் என் ஊர் வந்ததும் கூப்பிட்டுச் சொல்கிறார். என்னோடு வேலை பார்த்த தோழிகள் போன் செய்கிறார்கள். எல்லோருக்கும் நன்றி.

இதை எழுதமாட்டேன் என்று மருமகள் பேனாவை வைத்துவிட்டாள், கட்டாயப்படுத்தித்தான் எழுத வைக்கிறேன். இவள் இன்னமும் என்னோடு சண்டை போடுகிறாள். புளி அதிகம், டிவி சத்தம் அதிகம், நான் சொன்னது தப்பு, அவள் சொன்னது சரி என்று முன்பு போலவே முகத்துக்கு நேரே வாதாடுகிறாள். எனக்கு அது எவ்வளவு பெரிய மரியாதை என்று அவளுக்கே தெரியாது.

கடைசியாக, செவிலியராக ஒரு வார்த்தை. வீட்டில் பெரியவர்கள் கேட்டதையே கேட்டால், தெரிந்த வழி தப்பினால், வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள், காது கேட்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற இலவச எண்ணைக் கூப்பிடலாம். டாக்டரிடம் போகும்போது, நோயைப் பற்றி அவர்களே முதலில் பேசட்டும்.

அன்புடன்,
உங்கள் நர்ஸம்மா