எடுத்த ஊரில் காட்ட வேண்டிய படங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஊர்ப் பிரச்சினைகளைப் படமாக்கும் ஆவணப்பட இயக்குநர்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். அவர்களுடைய பணமுடையையும் அவர்கள் பெற்ற விருதுகளையும் விரிவாகச் சொன்ன கட்டுரையாளர், அந்தப் படங்களை யார் பார்த்தார்கள் என்பதைத் தொடாமலே விட்டுவிட்டார். முதலில் கேட்க வேண்டியது அதுதான் என்பது என் எண்ணம்.

ஆர்.பி. அமுதன் 2003-இல் எடுத்த 'பீ' படத்தையே பார்ப்போம். மதுரையின் ஒரு தெருவில் மனித மலத்தை அள்ளிச் சுத்தம் செய்யும் பெண் தொழிலாளி ஒருவரின் அன்றாட வேலையை, பார்ப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள இடம் தராமல், ஏறத்தாழ அரை மணி நேரம் காட்டுகிறது அந்தப் படம். மலம் அள்ள ஆள் அமர்த்துவதைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 1993-இலேயே இயற்றப்பட்டிருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், அது கலைப்படைப்பாக மட்டுமல்லாமல் ஒரு சாட்சியமாகவும் நிற்கிறது. சாட்சியம் விசாரிக்க வேண்டியவர்களின் முன்னால் வைக்கப்பட வேண்டும். வெளிநாட்டுத் திரைப்பட விழாவின் நடுவர்களைவிட அந்த வார்டின் உறுப்பினரும் சுகாதார ஆய்வாளரும் அதைப் பார்ப்பது முக்கியம். அமுதன் இதை உணர்ந்தவர் என்றே சொல்ல வேண்டும். 'மறுபக்கம்' அமைப்பின் வழியாக மதுரையில் 1998 முதல் அவர் நடத்திவரும் ஆவணப்பட, குறும்பட விழாவைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரியாவது இருந்திருக்கலாம்.

ஆனால் உள்ளூரில் திரையிடுவது நினைத்தவுடன் நடக்கிற காரியம் அன்று. 1952-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி, பொதுவெளியில் காட்டப்படும் ஆவணப்படத்துக்கும் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். நான்கு நகரங்களின் செல்வத்தையும் வறுமையையும் அருகருகே வைத்துக் காட்டிய தம் குறும்படத்துக்காக இயக்குநர் கே.ஏ. அப்பாஸ் தொடுத்த வழக்கில், படத்தைக் காட்டுவதற்கு முன்பே தணிக்கை செய்வது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1970-இல் தீர்ப்பளித்தது. மத்திய அரசு நடத்தும் மும்பை ஆவணப்பட விழாவில் இந்தியப் படங்களுக்குச் சான்றிதழ் கேட்கப்பட்டதை எதிர்த்து இயக்குநர்கள் ஒன்றுதிரண்டு, 2004-இல் 'விகல்ப்' என்ற மாற்றுத் திரையிடலை நடத்தினார்கள். துப்புரவுத் தொழிலாளர்களைப் பற்றித் திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' 2017-இல் வெளியானபோது, சில ஊர்களில் அதைத் திரையிடக் காவல்துறை அனுமதிக்கவில்லை. மத்திய அரசின் ஆவணப்படப் பிரிவான ஃபிலிம்ஸ் டிவிஷன் எடுத்த படங்களையோ திரையரங்குகள் கட்டாயமாகக் காட்டின. பார்வையாளர்கள் அந்த நேரத்தில் வெளியே நின்று பீடி பிடித்தார்கள் என்பது வேறு கதை.

இப்போதுதான் யூடியூப் இருக்கிறதே என்று சிலர் சொல்லக்கூடும். கைப்பேசியில் தனியாகப் பார்ப்பவர் வருத்தப்பட்டுவிட்டு அடுத்த காணொளிக்குப் போய்விடலாம். தெருக்காரர்களோடு ஒரே கூடத்தில் உட்கார்ந்து பார்க்கும் அதிகாரிக்கோ, விளக்கு எரிந்ததும் எழும் கேள்விக்கு அந்த இடத்திலேயே பதில் சொல்ல வேண்டிய நிலை வரும். திரையிடல்களுக்கு இடையூறு வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

கேரள அரசின் திரைப்பட அமைப்பான மாநிலச் சலச்சித்திர அகாதமி 2008 முதல் ஆவணப்படங்களுக்கென்றே திருவனந்தபுரத்தில் விழா எடுத்துவருகிறது. அங்கும் 2017-இல் மூன்று படங்களைச் சான்றிதழ் இல்லாமல் விழாவில் காட்டுவதற்கான தணிக்கை விலக்கை அளிக்க மத்திய அரசு மறுத்தது. அகாதமி நீதிமன்றம் சென்றது. ஓர் அரசு நிறுவனமே படங்களின் பக்கம் நின்றது என்பதைத்தான் நான் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

மதுரையில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் இதற்குத் தகுந்த இடம். மதுரையைப் பற்றி எடுக்கப்பட்ட ஆவணப்படங்களின் பிரதிகளை விலை கொடுத்து வாங்கி, நூல்களைப் போலவே பட்டியலிட்டு வைப்பதோடு, சான்றிதழ் பெறுவதற்கான செலவையும் நூலகத் துறை ஏற்றுக்கொண்டு, மாதம் ஒரு படத்தையாவது கட்டணமின்றித் திரையிட வேண்டும். ஒவ்வொரு திரையிடலுக்கும் படத்தில் இடம்பெற்றவர்கள் முதலில் அழைக்கப்பட வேண்டும். தம் முகம் எங்கெல்லாம் காட்டப்படுகிறது என்பதை அறியும் உரிமை அவர்களுக்கு உண்டு, இயக்குநர்கள் சிலர் இதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். இது குறித்து நூலகத் துறையினரிடம் கருத்துக் கேட்டுத் தங்கள் இதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்,
மதுரை.